அண்ணன் படுத்த நாள்

என் அண்ணன் மருதமுத்து பதினோரு வருஷம் படுக்கவில்லை. தூங்கவில்லை என்று சொல்லவில்லை, கவனியுங்கள். படுக்கவில்லை. சுவரோரம் உட்கார்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு, முகத்தை அதில் புதைத்துக் கண்ணை மூடுவார். கால் மணி, மிஞ்சிப்போனால் அரை மணி. பிறகு எழுந்து நடக்கப் போய்விடுவார். நான் பாய் விரித்து வைத்தால், அதைச் சுருட்டி மூலையில் நிறுத்திவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்.

இப்போது மலாக்காவில் காஜா பெராங் பக்கம் போய் மருதமுத்து என்று கேட்டால் ஆளாளுக்கு முழிப்பார்கள். கிண்ணத்துக்காரர் என்று கேளுங்கள், சின்னப் பிள்ளைகூட வழி காட்டும். சாயங்காலம் நான்கு மணிக்குக் கிண்ணத்துச் சத்தம் கேட்க அவர் முன்னால் வந்து உட்காருகிறவர்களில் குமாஸ்தா உண்டு, ஆஸ்பத்திரி நர்ஸ் உண்டு, முன்பல் இல்லாத, திரிஷா என்கிற சைக்கிள் ரிக்ஷா ஓட்டுகிற ஒரு சீனரும் உண்டு. அந்தப் பல் போனதற்குக் காரணமே என் அண்ணன்தான். சொல்கிறேன், அவசரப்படாதீர்கள்.

என் பெயர் கோகிலா. வீட்டிலேயே தையல் வேலை. பெயர்தான் குயில், வாயைத் திறந்தால் தெருவே திரும்பிப் பார்க்கும் என்பார் என் வீட்டுக்காரர் ஜெயபாலன். லாரி ஓட்டுகிறவர். ஹாரன் அடித்து அடித்துப் பாதிக் காது போன மனுஷர், அவர் சொல்கிறார்! எனக்குச் சாமியாடுகிறவர், மந்திரிக்கிறவர், கயிறு கட்டுகிறவர் யாரைக் கண்டாலும் ஆகாது. அப்படிப்பட்ட நான் ஒரு கிண்ணத்தைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்றால், என் கண்ணால் பார்த்ததுதான் காரணம். 

நாங்கள் பத்து பெரெண்டாம் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவினவர்கள். நாற்பத்து மூன்றில் ஜப்பான்காரன் லாரி கொண்டுவந்து ஆண்பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போனான். சயாமில் ரயில் பாதை போட வேண்டும், மூன்று மாசத்தில் திரும்பி விடலாம் என்றான். அண்ணன் வந்து சேர்ந்தது நாற்பத்தாறில், அதற்குள் நாங்கள் காஜா பெராங்குக்குக் குடிவந்திருந்தோம். எலும்பும் தோலுமாக, கோணிச் சாக்கைக் கட்டிக்கொண்டு வந்து நின்றவரை நானே முதலில் பிச்சைக்காரர் என்று நினைத்தேன். அந்தப் பாவத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

ஏன் படுக்கமாட்டேன் என்கிறாய் என்று நச்சரித்ததில், ஒரே ஒரு தடவை சொன்னார். அங்கே காலராக் கொட்டகையில் தினமும் காலையில் சிப்பாய் வந்து பார்ப்பானாம். எழுந்து உட்கார்ந்தவன் பிழைத்தான். படுத்துக் கிடந்தவனைத் தூக்கிக்கொண்டு போய்க் குழியில் போட வேண்டியது. தூக்குகிற கூட்டத்தில் அண்ணனும் ஒருவர்.

"செத்துட்டானான்னு பாக்க மாட்டாங்களா அண்ணே?" என்று கேட்டேன்.

"ஒருத்தன் பேசினான்," என்றார். "'அண்ணே, நான் இன்னும் இருக்கேன்'னான்."

 அதோடு எழுந்து நடக்கப் போய்விட்டார்.

நடை என்றால் உங்கள் வீட்டு நடை, எங்கள் வீட்டு நடை இல்லை. காலையில் உஜோங் பாசிர் கடற்கரை வரைக்கும், அங்கிருந்து செமாபோக், மத்தியானம் வீடு, சாப்பிட்டதும் மறுபடியும். ஆனால் எங்கள் வரிசையில் ஒரு வீட்டின் முன்னால் மட்டும் நடக்கமாட்டார். சாக்கடையைத் தாண்டி அந்தப் பக்கம் போய், சுற்றிக்கொண்டு வருவார். அது அலமேலு அக்காவின் வீடு.

அலமேலு அக்காவின் புருஷன் சேதுபதியும் சயாம் போனவர்தான், வேறு தோட்டத்திலிருந்து. திரும்பி வரவில்லை. செத்தார் என்று சொல்லவும் ஆள் இல்லை. சயாமிலிருந்து யார் வந்து இறங்கினாலும் அக்கா முதல் ஆளாகப் போய் நின்று, "எங்க வீட்டுக்காரரைப் பாத்தீங்களா?" என்று கேட்பாள். நாற்பத்தாறில் என் அண்ணனிடமும் வந்து கேட்டாள். பார்க்கவில்லை என்று தலையாட்டினார். அதற்குப் பிறகும் அவள் பொட்டை அழிக்கவில்லை, தாலியை எடுக்கவில்லை. தீபாவளிக்குத் தீபாவளி அவருக்கு ஒரு வேட்டி எடுத்து வைப்பாள். ஆனால் ஊரில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் ஒப்பாரிக்கு அவள்தான் வேண்டும். அப்படி ஒரு குரல் அவளுக்கு.

சரி, பல் கதைக்கு வருகிறேன். ஐம்பத்தேழாம் வருஷம் ஜூன் மாசம், மொட்டை வெயிலில் ஒரு சீனர் தன் திரிஷாவில் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தார். அண்ணன் பார்த்துவிட்டார். "எந்திரி! எந்திரிச்சு உக்காரு!" என்று கத்திக்கொண்டே அவரைப் பிடித்து இழுத்ததில், பாவம் அந்த மனுஷர் முகம் குப்புற விழுந்து முன்பல் போய்விட்டது. இப்படி நடப்பது இது மூன்றாம் தடவை. படுத்துக் கிடக்கிற யாரைப் பார்த்தாலும் அண்ணனுக்குத் தாங்காது. விஷயம் போலீஸ் வரைக்கும் போனது. இன்னொரு தடவை நடந்தால் மனநோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவோம், அதற்குள் நீங்களே டாக்டரிடம் காட்டிக் கடிதம் வாங்கிவிடுவது நல்லது என்று சொல்லி அனுப்பினார்கள்.

"மெர்டேக்கா முடியட்டும்," என்றார் ஜெயபாலன், ஆகஸ்டு கடைசியில் வரவிருந்த சுதந்திர தினத்தைச் சொல்லி. "அடுத்த திங்கக்கிழமை மச்சானைக் கூட்டிட்டுப் போவோம். எனக்கு மட்டும் ஆசையா? அந்த ஆளு செத்துகித்துத் தொலைச்சிருந்தா என்னா ஆவுறது?"

நான் குதித்தேன், கத்தினேன், ஒரு தட்டைக்கூட உடைத்தேன். ஆனால் அவர் சொன்னதில் தப்பு இல்லை என்று எனக்கும் தெரியும். அங்கே போனால் அண்ணனைக் கட்டிலில் படுக்க வைப்பார்கள். எழுந்தால் பிடித்து மறுபடியும் படுக்க வைப்பார்கள். 

எங்கள் வீட்டுப் பின்பக்கம் வேலிக்கு அப்பால் கம்போங் செட்டி. இவர்கள் மலாக்கா செட்டிகள், கடை வைத்து வட்டி வாங்குகிற செட்டியார்கள் இல்லை. நானூறு ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் வந்து இங்கேயே பெண் கட்டி இங்கேயே நிலைத்தவர்கள். கும்பிடுவது நம் மாரியம்மனை, பேசுவது மலாய். அங்கே மீனாச்சி என்று ஐம்பது வயசுக்காரர். காக் மீனாச்சி என்போம். காக் என்றால் அக்கா. அவர் வீட்டுக் கபாயாச் சட்டைகளை நான்தான் தைப்பேன்.

வருஷத்துக்கு இரண்டு தடவை அவர்கள் செத்துப்போன பெரியவர்களுக்குச் சோறு படைப்பார்கள். பார்ச்சு என்று பெயர். தைக்கு ஒன்று, பழக் காலத்தில் ஒன்று. அந்த ஜூலையில் பழத்துக்கான பார்ச்சு வந்தது. தைத்த சட்டையைக் கொடுக்க நான் வேலியைத் தாண்டிப் போனேன். உள்ளே வாழையிலைகளில் சோறு, கறி, டுரியான், மங்குஸ்தான் எல்லாம் பரப்பி, மெழுகுவத்தி ஏற்றி, சாம்பிராணி போட்டிருந்தார்கள். பெரியவர்கள் நிம்மதியாகச் சாப்பிட வேண்டும் என்று வீட்டார் எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள். காக் மீனாச்சி மட்டும் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு கிண்ணம்.

வெண்கலம். இரண்டு கையும் சேர்த்து ஏந்துகிற அளவு. அடி உருண்டை, உடம்பெல்லாம் கறுத்திருந்தது, விளிம்பு மட்டும் தேய்ந்து மினுங்கியது. யாரோ பர்மாக்காரக் கப்பல் தச்சன் அவர் வீட்டுப் பெரியவர் ஒருவருக்குக் கொடுத்தானாம். அந்த வீட்டில் மட்டும் உள்ள வழக்கம் அது. துணி சுற்றிய ஒரு மரக்கட்டையால் விளிம்பை ஒட்டிச் சுற்றிச் சுற்றித் தேய்த்தார்.

முதலில் ஒன்றுமே கேட்கவில்லை. பிறகு எங்கோ தூரத்தில் ரீங்காரம் மாதிரி வந்தது. நான் வண்டு என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். ரீங்காரம் பெருத்துக்கொண்டே வந்து, கிண்ணத்திலிருந்து வருகிறதா என் நெஞ்சுக்குள்ளிருந்து வருகிறதா என்று தெரியாமல் போய்விட்டது. கையிலிருந்த சட்டையைப் பிடித்தபடி நின்றேன். கிண்ணத்தில் கொஞ்சம் தண்ணீர் இருந்தது. அந்தத் தண்ணீர் தானாக நடுங்கி, பொடிப்பொடியாகத் துள்ளியது. ஊதவில்லை, சுட வைக்கவில்லை, யாரும் தொடக்கூட இல்லை. அம்மாடி! நான் வாயைப் பிளந்தபடி நின்றேன்.

கட்டையை எடுத்த பிறகும் சத்தம் போகவில்லை. அது தேய்ந்து தேய்ந்து முடிந்ததா இல்லையா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தபோதுதான், வேலியோரம் ஒரு உருவம் தெரிந்தது. அண்ணன். செமாபோக்கிலிருந்து வந்த வழியில் நின்றிருக்கிறார். நின்றவர் அப்படியே மண்ணில் உட்கார்ந்திருக்கிறார். முழங்காலைக் கட்டவில்லை. இரண்டு கையும் பக்கத்தில் தொங்கின. பதினோரு வருஷத்தில் என் அண்ணன் கைகள் சும்மா இருந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். 

மறுநாளே போய்க் காக் மீனாச்சியின் கையைப் பிடித்துக்கொண்டேன். "தினமும் கொஞ்ச நேரம் தேய்ங்க காக், உங்களுக்குப் புண்ணியமாப் போவும்." எனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில் கெஞ்சினேன்.

அவர் முகம் மாறிவிட்டது. அது சும்மா தேய்க்கிற கிண்ணம் இல்லை என்றார். அந்தச் சத்தம் கேட்டால் பெரியவர்கள் சாப்பிட வருவார்கள். வந்து பார்த்தால் இலை இல்லை, சோறு இல்லை என்றால்? "லாப்பார்!" என்றார் வயிற்றைத் தொட்டுக் காட்டி. பசியோடு திரும்பிப் போவார்கள், அது ஆகாது.

"அவ்வளவுதானே? நான் தினமும் இலை போடுறேன்," என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு வேலிப் பக்கம் பார்த்தார். அண்ணன் அங்கே வந்து நின்றிருந்தார். "கசியான்," என்றார் காக் மீனாச்சி. பாவம் என்று அர்த்தம்.

அப்படித்தான் ஆரம்பித்தது. தினமும் நான்கு மணிக்குத் தையலை மூடிவிட்டு, ஒரு வாழையிலை, கொஞ்சம் சோறு, ஒரு பழம், ஒரு மெழுகுவத்தி எடுத்துக்கொண்டு போவேன். காக் மீனாச்சி வீட்டுப் பின்கட்டில் அதை வைப்பேன். அவர் தேய்ப்பார், அண்ணன் உட்காருவார், நானும் உட்காருவேன். ஊசியில் நூல் கோக்கும் நேரம்கூட வாயை மூடாத நான், அந்தச் சத்தம் அடங்கும் வரை மூச்சுக்கூட மெதுவாக விடுவேன். தோளில் எதையோ தூக்கிக்கொண்டே இத்தனை நாள் திரிந்த மாதிரியும், அதை யாரோ கேட்காமலே வாங்கிக் கீழே வைத்த மாதிரியும் இருக்கும். முதல் வாரம் அண்ணன் சுவரில் சாய்ந்தார். மூன்றாம் வாரம் காலை நீட்டினார். ஒருநாள் இலையைக் காட்டி, "இது யாருக்கு?" என்று கேட்டார்.

"அவங்க வீட்டுப் பெரியவங்களுக்கு அண்ணே. செத்துப்போனவங்களுக்கு."

"ஒரு இலை போதுமா?" என்றார். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆனால் படுக்கவில்லை. ஆகஸ்டு முடிந்துகொண்டே வந்தது. திங்கட்கிழமை டாக்டர். காலண்டரைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

ஆகஸ்டு முப்பத்தொன்று, சனிக்கிழமை, மெர்டேக்கா. ஊரே கொடி. ஜெயபாலன் லாரிக்குத் தோரணம் கட்டி ஊர்வலத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு விடியற்காலையிலேயே போய்விட்டார். காக் மீனாச்சி வீட்டாரும் புறப்பட்டார்கள். கடைசி நேரத்தில் அவர் வேலிக்கு வந்து, துணியில் சுற்றிய கிண்ணத்தையும் கட்டையையும் என் கையில் கொடுத்தார். சாயங்காலம் வரக் காலதாமதம் ஆகும், இன்றைக்கு நீயே தேய் என்றார். இலையையும் விளக்கையும் மறக்காதே என்று இரண்டு தடவை சொன்னார். அந்த வீட்டு வாசலைத் தாண்டாத கிண்ணம் என் கைக்கு வந்தது. 

வெளியே எங்கேயோ வெடிச் சத்தம் கேட்டது. அண்ணன் அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார். சாயங்காலம் வரைக்கும் காத்திருக்க முடியாது என்று தெரிந்துவிட்டது. காலை பத்து மணிக்கே இலை போட்டுச் சோறு வைத்தேன், மெழுகுவத்தி ஏற்றினேன், கிண்ணத்தை மடியில் வைத்துத் தேய்த்தேன்.

கீச்சென்றது. மறுபடியும் தேய்த்தேன், மறுபடியும் கீச். காக் மீனாச்சியின் கைப்பக்குவம் எனக்கு ஏது? ஐந்து நிமிஷம் மல்லுக்கட்டினேன். எனக்கு வந்ததே கோபம், "சனியனே!" என்று கட்டையால் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினேன்.

ஐயோ, அந்தச் சத்தம்! சுவர், தரை, தையல் மிஷின், என் பல் எல்லாம் சேர்ந்து அதிர்ந்தன. திறந்திருந்த கதவு வழியாக அது தெருவுக்கும் போயிருக்கும். அண்ணன் நடப்பதை நிறுத்தினார். சத்தம் முழுக்க அடங்கும் வரை நின்றார்.

"இன்னொண்ணு," என்றார்.

தட்டினேன். அடங்கியதும் இன்னொன்று. அவர் மூலைக்குப் போனார். அங்கே நிற்கும் பாயை எடுத்தார். விரித்தார். எனக்குக் கை மரத்துப்போனது, ஆனாலும் நிறுத்தவில்லை. நிறுத்தினால் எழுந்துவிடுவாரோ என்று பயம். அவர் பாயில் உட்கார்ந்து, காலை நீட்டி, ஒரு கையை ஊன்றி, மெல்ல, மிக மெல்லச் சாய்ந்து, மல்லாந்து படுத்தார். என் அண்ணன் படுத்தார்! கண்ணை மூடினார். நெஞ்சு ஒரே சீராக ஏறி இறங்கியது. எனக்குக் கண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது, மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது, நான் பாட்டுக்குத் தட்டிக்கொண்டிருந்தேன். ஒரு தட்டு, ஒரு நீண்ட இடைவெளி, மறுபடியும் ஒரு தட்டு.

இனி நடந்த கூத்தைக் கேளுங்கள். எங்கள் சனங்கள் அந்த மாதிரி விட்டு விட்டு வெண்கலச் சத்தம் கேட்பது எப்போது? சாவு வீட்டில் சேகண்டி அடிக்கும்போதுதான். எங்கள் வரிசையில் கணேசமூர்த்தி என்று ஒருவர். எந்தச் சாவு என்றாலும் முன்னால் நின்று எடுத்துச் செய்கிற மனுஷர். ரேடியோவில் மெர்டேக்கா கேட்டுக்கொண்டிருந்தவர் அதை அணைத்துவிட்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, மூன்று ஆண்களைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். வாசலில் நின்று உள்ளே பார்த்திருக்கிறார். மல்லாந்து கிடக்கிற ஆள், தலைமாட்டில் விளக்கு, பக்கத்தில் இலைச்சோறு, அழுகிற தங்கை. போதாததற்கு அறை குறுகல் என்று அண்ணன் தெற்கே தலை வைத்திருந்தார். வேறென்ன நினைப்பார்?

"நல்ல நாளு அதுவுமா போயிட்டீங்களே மருதமுத்தண்ணே!" என்று அவர் குரல் உடைந்தது. "டேய், செமாபோக் சுடுகாட்டுக்கு ஆளனுப்புங்கடா. பெஞ்சு ஒண்ணு கொண்டாங்க."

அதற்குள் அலமேலு அக்கா தலையை விரித்துப் போட்டுக்கொண்டு ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். "நடந்து நடந்தே தேஞ்ச ராசா, இன்னிக்குத்தான் காலு ஓஞ்சுதா" என்று அவள் எடுத்த எடுப்பில் பெண்கள் எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். நான் வாயைத் திறக்கிறேன், அவள் என் முகத்தைத் தன் தோளில் அமுக்குகிறாள். அந்தப் பிடியிலிருந்து தலையை வெளியே எடுத்தபோது நான் கண்டது என்ன? கணேசமூர்த்தி தோளைப் பிடித்திருக்கிறார், இருவர் காலை, ஒருவர் இடுப்பை. அண்ணனைத் தரையிலிருந்து தூக்கிவிட்டார்கள்.

"தூக்காதீங்க!" என்று அலறினேன்.

"அழட்டும், விடுங்க," என்றார் கணேசமூர்த்தி. "மனசு ஆறும்."

அண்ணன் கண் திறந்தது. நான்கு பேர் கையில், அந்தரத்தில். அவர் கத்தப்போகிறார், யாரையோ அடிக்கப்போகிறார், எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அவர் கத்தவில்லை. ரொம்பச் சின்னக் குரலில் சொன்னார்.

"நான் இன்னும் இருக்கேன்."

ஒப்பாரி பட்டென்று நின்றது.  அந்த வார்த்தை எந்த வார்த்தை என்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

"ஐயோ! ஆளு இருக்காருடா! வைங்கடா, மெதுவா வைங்கடா!" கணேசமூர்த்தி பதறினார். நாலு பேரும் அவரைப் பூப்போலப் பாயில் வைத்தார்கள். கணேசமூர்த்தி அங்கேயே உட்கார்ந்து அண்ணன் பாதத்தைப் பரபரவென்று தேய்த்துக்கொண்டு, சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியாமல் குலுங்கினார்.

அண்ணன் எழுந்து உட்கார்ந்தார். நாலு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நான் சொன்னதும் வெச்சிட்டீங்க," என்றார்.

"பின்னே? உசிரோட இருக்கேன்னு சொன்ன பெறகு வெக்காம என்னா பண்ணுவோம்ணே?" என்றார் கணேசமூர்த்தி.

அதைக் கேட்டதும் அண்ணன் அழுதார். அவர் அழுததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அழுது முடித்து, மேல்துண்டால் முகத்தைத் துடைத்து, "கோகிலா, எல இன்னும் இருக்கா?" என்றார். "பத்தொம்போது வேணும்."

கொல்லையில் வாழை இருந்தது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. ஆளுக்கு ஒரு வீட்டிலிருந்து சோறு வந்தது, மெர்டேக்காவுக்கு என்று செய்து வைத்த பாயசம்கூட வந்தது. கூடம் கொள்ளவில்லை, வாசல் வரைக்கும் இலை போட்டோம். அண்ணன் கிண்ணத்தைத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"அங்க நான் தூக்கிப் போட்டவங்கள்ல பேரு தெரிஞ்சவங்க இவ்ளோ பேருதான்," என்றார். "ஒரு சங்கு இல்ல, ஒரு சேகண்டி இல்ல. ஒரு வாய் அழுவக்கூட வுடல."

ஒரு பெயர் சொன்னார், ஒரு தட்டு. சத்தம் கடைசி இழை வரைக்கும் ஓடி அடங்கும் வரை காத்திருந்தார். பிறகு அடுத்த பெயர். செத்த வீட்டுக்கு என்று வந்தவர்கள் தலைத்துண்டை அவிழ்க்காமல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். ஊருக்குள் வெடி வெடிக்கிறது, எங்கோ பாண்டு வாத்தியம் கேட்கிறது. எங்கள் வீட்டில் இருபது இருபத்தைந்து பேர் ஒரு கிண்ணத்தின் சத்தத்துக்குள் உட்கார்ந்திருந்தோம்.  ஒவ்வொரு பெயரும் சத்தத்தோடு எழுந்து, எங்கள் எல்லாருக்குள்ளும் ஒரு சுற்றுச் சுற்றி, கதவு வழியாகப் போவதை நான் உணர்ந்தேன். நம்பினால் நம்புங்கள். நான் நம்பாதவள், நானே சொல்கிறேன்.

பதினெட்டுப் பெயர் முடிந்தது. கட்டையைத் தூக்கியவர் நிறுத்தினார். அலமேலு அக்காவைப் பார்த்தார்.

"சேதுபதி," என்றார். தட்டினார்.

அந்தச் சத்தம் முடிகிற வரைக்கும் அவள் அசையவில்லை. முடிந்த பிறகுதான் பேசினாள். "நாப்பத்தாறுல நான் வந்து கேட்டேன். பாக்கலேன்னீங்க."

"பொய் சொன்னேன்."

"எப்படிப் போனாரு?"

"பேதியாகிக் கெடந்தான். காலையில எந்திரிக்க முடியல. நானும் இன்னொருத்தனும் தூக்கினோம். குழிகிட்ட போறப்ப பேசினான். 'அண்ணே, நான் இன்னும் இருக்கேன்'னான்." அண்ணன் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "பின்னால துப்பாக்கி. இவங்க என்னைக் கீழ வெச்ச மாதிரி நான் அவனை வெக்கல, அலமேலு. போட்டுட்டேன்."

 அக்கா அடிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். அடித்தால் தடுக்கக்கூடாது என்றும் நினைத்தேன். அவள் நகர்ந்து வந்தாள். கீழே கிடந்த கட்டையை எடுத்தாள். தானே ஒரு தட்டுத் தட்டினாள். கண்ணை மூடிக் கேட்டாள், கடைசி வரைக்கும். பிறகு பத்தொன்பதாவது இலையைத் தன் பக்கம் இழுத்து, சோற்றில் குழம்பை ஊற்றி, தன் கையாலேயே பிசைந்து வைத்தாள். "சாப்புடுங்க," என்றாள், அங்கே இல்லாத அவள் புருஷனிடம். "பதினாலு வருசமாப் பசிச்சிருக்கும்."

ஊருக்கெல்லாம் ஒப்பாரி வைக்கிறவள் தன் புருஷனுக்கு ஒரு வரிகூட எடுக்கவில்லை. சத்தமில்லாமல் அழுதாள், வெகுநேரம் அழுதாள். மற்றவர்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்து போனார்கள். நானும் அண்ணனும் அவளும் மிஞ்சினோம். அண்ணன் வழக்கம்போல முழங்காலைக் கட்டிக்கொண்டு சுவரோரம் போய்விட்டார். அவ்வளவுதான், இனி இவர் படுக்கமாட்டார் என்று எனக்குத் தோன்றியது.

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு, அலங்கோலமாகக் கிடந்த பாயை இழுத்து நேராகப் போட்டாள்.

"படுங்கண்ணே," என்றாள்.

அவர் அவளையே பார்த்தார்.

"படுங்க. நான் இங்கயே உக்காந்திருக்கேன். எவன் வந்து உங்களைத் தூக்குறான்னு நான் பாக்குறேன்."

அண்ணன் பாய்க்கு வந்தார். படுத்தார். அவள் அவர் தலைமாட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கிண்ணத்தை மடியில் எடுத்துக்கொண்டாள். தட்டவில்லை, சும்மா கையால் பிடித்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் என் அண்ணன் குறட்டை விட ஆரம்பித்தார்.

பொழுது சாய ஜெயபாலன் கையில் கொடியோடு வந்தார். வாசலிலிருந்து வரிசையாக இலைகள், உள்ளே பாயில் மச்சான். "என்னா ஆச்சு?" என்று கத்தப்போனவரை அக்கா வாயில் விரலை வைத்து அடக்கினாள். அவர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, இலைகளைத் தாண்டித் தாண்டி வந்து, அந்தக் குறட்டையைக் கேட்டபடி என் பக்கத்தில் நின்றார். திங்கட்கிழமையைப் பற்றி அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் பேசவில்லை. நான்கு மணிக் கிண்ணத்தையும் பின்னாளில் காக் மீனாச்சி அண்ணன் கையிலேயே விட்டுவிட்டார். அன்றைக்குக் காலையில் சாவு விசாரிக்க ஓடிவந்த அலமேலு அக்கா, விளக்கு வைத்த பிறகு காக் மீனாச்சி கிண்ணத்தைக் கேட்டு வேலிக்கு வரும் வரைக்கும், அந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை.